ஈக்வடோரியல் மவுண்ட் வாங்குகிறீர்களா? பகலில் செய்து தரும் ‘இன்ஸ்டலேஷன்’ பற்றி ஓர் எச்சரிக்கை

ஈக்வடோரியல் மவுண்ட் (வானத்தின் நகர்வைப் பின்தொடரும் வகையில் டெலஸ்கோப்பைத் தாங்கும் ஸ்டாண்ட்) வைத்த டெலஸ்கோப் வாங்கினால், “வீட்டுக்கே வந்து செட்டப் செய்து தருகிறோம்” என்று சொல்லி அதற்குத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். நானும் கட்டினேன். அனுப்பப்பட்டவர் நடுப்பகலில் வந்தார். அறைக்குள்ளேயே எல்லாவற்றையும் பூட்டி நிறுத்தினார், ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார், கிளம்பிவிட்டார். அவர் செய்துவிட்டுப் போனதில் உருப்படியானது ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்தத் தாளைக் காட்டித்தான் விற்றவர்கள் பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள். இன்னொருவர் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த மவுண்ட் எதற்கு என்று தெரிந்தால்தான் நடந்தது எவ்வளவு பெரிய மோசடி என்பது புரியும். பூமி சுழல்வதால் வானம் மணிக்குச் சுமார் 15 டிகிரி மேற்கே நகர்கிறது. 100 மடங்கு பெரிதாக்கினால் ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) தெரிவது ஏறக்குறைய அரை டிகிரி வானம்தான். அதாவது வியாழனை நடுவில் வைத்துவிட்டு ஒரு நிமிடம் சும்மா இருந்தால் அது ஓரத்துக்குப் போய்விடும். ஈக்வடோரியல் மவுண்டின் ஆர்.ஏ. அச்சை (டெலஸ்கோப் குழாயைக் கிழக்கு மேற்காகத் திருப்பும் அச்சு) பூமியின் சுழற்சி அச்சுக்கு இணையாக நிறுத்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. அந்த ஒரு அச்சை மட்டும் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் கோள் நடுவிலேயே நிற்கும். இதற்கு அச்சு உண்மையான வடக்கை நோக்க வேண்டும் (தென் அரைக்கோளத்தில் தெற்கை). தரையிலிருந்து அது எழும் கோணம், நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அது வெறும் கோணலான ஸ்டாண்ட்தான்.

வந்தவர் டிரைபாடை அறையின் நடுவில் விரித்து, போனில் திசைகாட்டியைத் திறந்து, இரும்புக் கால்களுக்குப் பக்கத்திலேயே பிடித்து “வடக்கு பார்த்தாச்சு” என்றார். காந்த ஊசி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் பல இடங்களில் சில டிகிரி வேறுபடும். பக்கத்தில் இரும்பு இருந்தால் அந்த ஊசியையும் நம்ப முடியாது. எல்லாவற்றையும்விட, வானம் பார்க்க டிரைபாடை வெளியே தூக்கிக்கொண்டு போகத்தானே வேண்டும்? தூக்கிய நொடியே அந்த வடக்கு போய்விட்டது. கோணத்தைப் பற்றி அவர் கவலையே படவில்லை. மவுண்டில் கோணத்தைக் காட்டும் அளவுகோல் 40 டிகிரியைக் காட்டியது, அப்படியே விட்டுவிட்டார். நான் இருக்கும் இடத்தின் அட்சரேகை அதில் பாதிகூட இல்லை.

பிறகு நானே திருகைத் தளர்த்தி இறக்கிப் பார்த்தேன். 20 டிகிரி வந்ததும் நின்றுவிட்டது, அதற்குக் கீழே அந்த மவுண்ட் இறங்கவே இறங்காது. அந்த அளவிலேயே, குழாயின் பாரத்தைச் சமன்செய்ய மறுபக்கம் மாட்டும் எதிர் எடை டிரைபாட் காலில் இடிக்கிறது. “எந்த இடத்துக்கும் பொருந்தும்” என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: இந்த மாடல் எத்தனை டிகிரி வரை இறங்கும் என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். பதில் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது பேலன்ஸ். எதிர் எடைக் கம்பியைக் கிடைமட்டமாக வைத்து, கிளட்சை (அச்சைப் பூட்டும் பிடியை) தளர்த்தி, கையை எடுத்தாலும் சாயாமல் நிற்கும் இடம் வரை எடையை நகர்த்த வேண்டும். குழாயையும் அதன் வளையங்களில் முன்னும் பின்னும் தள்ளி அதேபோல் சரிபார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. அவர் இரண்டு கிளட்ச்களையும் முடிந்த மட்டும் இறுக்கினார், குழாய் அசையவில்லை, வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டார். அன்றிரவு கிளட்சைத் தளர்த்தியதும் குழாயின் பின்பக்கம் சரேலென்று இறங்கி டிரைபாட் காலில் மோதியது. கண்ணாடியின் அலைன்மென்ட் கலைந்து, நட்சத்திரங்களுக்கு வால் முளைத்ததுபோல் ஆகிவிட்டது.

மோட்டார் கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. “இது இருந்தால் சனிக்கோளைத் தானே தேடிக் காட்டும்” என்று சொல்லிக் கூடுதலாகப் பணம் வாங்கினார்கள். அது ஆர்.ஏ. அச்சில் மட்டும் மாட்டும் சின்ன மோட்டார். நாம் கண்டுபிடித்து வைத்த பொருளைத் தொடர்ந்து செல்லும், அதுவும் அச்சு சரியாக நின்றால்தான். தானாகத் தேடுவதற்கு இரண்டு அச்சிலும் மோட்டார் வேண்டும், பொருள்களின் பட்டியல் உள்ள கண்ட்ரோலர் வேண்டும். கோ-டூ என்பார்களே, அது முற்றிலும் வேறு சாதனம். போதாக்குறைக்கு, அந்த மோட்டாரில் வட, தென் அரைக்கோளங்களுக்கு என்று ஒரு சுவிட்ச் உண்டு. வந்தவர் அதைத் தெற்கில் விட்டுப் போயிருந்தார். மோட்டார் எதிர்த்திசையில் சுற்றியது. நட்சத்திரம் நிற்பதற்குப் பதிலாக இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது.

மறுநாள் போன் செய்தேன். முதலில் “வானம் தெளிவாக இருந்திருக்காது” என்றார்கள். அளவுகோலின் படத்தை அனுப்பியதும், குழாய் இடித்ததற்கு நான்தான் பொறுப்பு, வாரண்டி போய்விட்டது என்றார்கள். கடைசியில் அந்தத் தாளை எடுத்தார்கள். பொருள் வந்து சேர்ந்ததற்கான கையெழுத்து என்று என்னிடம் சொல்லப்பட்ட தாள். அதன் அடியில் சிறிய எழுத்தில் ‘நிறுவி, இயக்கிக் காட்டப்பட்டது’ என்று இருக்கிறதாம். நடுப்பகலில், கூரைக்குக் கீழே, எந்த நட்சத்திரத்தைக் காட்டி இயக்கினார்கள்?

இந்த மவுண்ட் வேலை செய்கிறதா என்பதை இரவில், திறந்த வானத்தின் கீழ் மட்டும்தான் உறுதியாகச் சொல்ல முடியும். வடக்கே இருப்பவர்களுக்குத் துருவ நட்சத்திரம் கைகொடுக்கும், அது உண்மையான துருவத்திலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவாகவே விலகியிருக்கிறது. தாழ்ந்த அட்சரேகையில் அது தொடுவானத்தை ஒட்டி நிற்பதால் மரமோ கட்டிடமோ மறைத்துவிடும். அப்போது வேறு வழி இருக்கிறது. வான நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் கற்பனைக் கோடு) அருகே, தெற்கு வடக்கான உச்சிக்கோட்டில் இருக்கும் ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியனின் இடுப்புப் பட்டை தெரியும் மாதங்களில் அது மிகவும் வசதி. நடுவில் வைத்து, ஆர்.ஏ. குமிழை மட்டும் திருப்பிப் பத்து நிமிடம் பின்தொடருங்கள். நட்சத்திரம் மெல்ல வடக்கிலோ தெற்கிலோ நழுவினால் அச்சு சரியான வடக்கைப் பார்க்கவில்லை. அப்புறம் கிழக்கில் தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரத்தை வைத்து இதையே செய்யுங்கள். அங்கே நழுவினால் கோணம் தப்பு.

இன்ஸ்டலேஷனுக்குப் பணம் கேட்பவரிடம், இருட்டிய பிறகு வந்து இந்தச் சோதனையை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். அதுவரை எந்தத் தாளாக இருந்தாலும் ‘பெட்டி மட்டும் பெற்றுக்கொண்டேன், இயக்கிக் காட்டவில்லை’ என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஏற்கெனவே வாங்கி, திருப்பிக் கொடுக்கும் கெடு முடியாதவர்கள் இன்றிரவே பாருங்கள். மோட்டார் இருந்தால் அந்தச் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது, அளவுகோல் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மவுண்டையும் மோட்டாரையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி நான் எழுத்தில் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.