வால்பாறையா, கோத்தகிரியா?

கோவைப் பக்கமிருந்து மலையேறி, சின்ன ஊரில் அறை எடுத்து, மூன்று நாள் காடுமேடு திரிய வேண்டும். ஊட்டியில் பாதிப் பொழுது வண்டி நெரிசலிலேயே போய்விடும். ஏற்காடு சேலத்துக்காரர்களுக்குக் கிட்ட. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, அன்றைக்கே பார்த்து இறங்கிவிடலாம். மிஞ்சுவது வால்பாறையும் கோத்தகிரியும்தான்.

முதலில் மாதத்தைப் பாருங்க. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வால்பாறையில் மழை வெளுத்து வாங்கும். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அதே நாட்களில் கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மலை மறைப்பாக நிற்பதால் பெரும்பாலும் தூறலோடு போகும். அக்டோபர், நவம்பரில் தலைகீழ். வடகிழக்கு மழை நேராகக் கோத்தகிரிச் சரிவில் மோதும், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும்.

அடுத்தது, நடக்கணுமா, பார்க்கணுமா? வால்பாறை ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கு நடுவே இருக்கிறது. புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு சாலையோரத்திலேயே தென்படும். ஆழியாறிலிருந்து ஏறும் 40 வளைவுகளில் ஒன்பதாவதில் வரையாடு நிற்கும். ஆனால் காலாற நடக்க வழியில்லை. தேயிலைக்குள் யானை நிற்பது தூரத்திலிருந்து தெரியாது, இருட்டினால் சிறுத்தை. ஐந்து மணிக்கு மேல் தோட்டப் பாதையில் கால் வைக்காதீங்க.

கோத்தகிரியில் ஊரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரிலேயே லாங்வுட் சோலைக் காடு. கோடநாடு காட்சிமுனைக்குப் பேருந்து உண்டு. வெயில் ஏறினால் பள்ளத்தாக்கில் மஞ்சு மூடிக்கொள்ளும், காலையிலேயே போய்விட வேண்டும். காட்டெருமை இங்கேயும் தேயிலைக்குள் மேயும்; ஒதுங்கி வழிவிட்டால் போதும், படம் பிடிக்கக் கிட்டப் போகிறவர்தான் முட்டு வாங்குகிறார். நடைக்கு என் ஓட்டு கோத்தகிரிக்கே.

காட்டுக்குள் போக இரண்டு ஊரிலும் வனத்துறை அனுமதி வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் லாங்வுட் சோலையும் வால்பாறைப் பக்கத்து மானாம்பள்ளியும் இருக்கின்றன. இணையத்தில் முன்பதிவு செய்தால் வழிகாட்டி கூடவே வருவார்.

சொந்த வண்டியென்றால் இரண்டுக்கும் இ-பாஸ் எடுக்கணும், அரசுப் பேருந்துக்குத் தேவையில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விடுங்க. பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறி, தீய்ந்த வாடை அடித்து, பிடிமானம் போய்விடும். மழைக்காலத்தில் வால்பாறைதான் என்று பிடிவாதமாக இருந்தால், ரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு முழங்கால் வரை துணியுறையும் ஒரு பொட்டலம் கல்லுப்பும் எடுத்துக்கோங்க.