ஹியூஸா ஹெர்ஸ்ட்டா? 1906 நியூயார்க் கவர்னர் எலெக்‌ஷன்

இந்த எலெக்‌ஷன்ல நின்ன ரெண்டு பேருமே பெரிய கம்பெனிங்க அடிக்கிற கொள்ளைய எதிர்த்துதான் ஓட்டு கேட்டாங்க, அதனாலதான் அன்னிக்கு நான் இருந்திருந்தா யாருக்குப் போட்டிருப்பேன்னு முடிவு பண்றது கஷ்டம்.

டெமாக்ரட் வேட்பாளர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், பேப்பர் முதலாளி. கேஸ் கம்பெனிய ஊரே எடுத்து நடத்தணும்னு வருஷக்கணக்கா சண்ட போட்டவர், அது நியாயமான சண்டதான். 1905 மேயர் தேர்தல்ல தனிக்கட்சியா நின்னு சுமார் 3,500 ஓட்டுல தோத்தார், டாமனி ஹால்ங்கற, நியூயார்க் டெமாக்ரட் கட்சிய கையில வச்சிருந்த கோஷ்டியோட ஆளுங்க கள்ள ஓட்டு போட்டு கவுத்துட்டாங்கன்னு ஊரே பேசுச்சு. டாமனி தலைவர் மர்ஃபிக்கு ஜெயில் கைதி டிரஸ் மாட்டி கார்ட்டூன் போட்டது இவரோட பேப்பர்தான். ஆனா அடுத்த வருஷமே அதே மர்ஃபி தயவுல பஃபலோ ஊர்ல நடந்த டெமாக்ரட் கட்சி மாநாட்டுல கவர்னர் சீட் வாங்கிட்டார். என்னால ஏத்துக்கவே முடியாதது இதுதான்.

ரிபப்ளிகன் பக்கம் சார்லஸ் எவன்ஸ் ஹியூஸ், தாடி வச்ச வக்கீல், அதுவரைக்கும் எந்தத் தேர்தல்லயும் நின்னதில்ல. ஆனா லைஃப் இன்சூரன்ஸ் கம்பெனிங்களோட தில்லுமுல்லு பத்தி 1905ல மாநில சட்டசபை நடத்துன விசாரணையில அவர் கேட்ட கேள்விங்க இருக்கே! நியூயார்க் லைஃப் கம்பெனி 1903 டிசம்பர் 31 அன்னிக்கு 8 லட்சம் டாலர் பாண்ட (கடன் பத்திரம்) மார்கன்ங்கற பேங்க் கம்பெனிக்கு வித்துட்டு ஜனவரி 2 அன்னிக்கே திரும்ப வாங்கியிருக்கு, வருஷக் கடைசி கணக்குல அது தெரியக்கூடாதுன்னுதான். பெர்கின்ஸ்ங்கறவர் ரெண்டு கம்பெனியிலயும் பெரிய பொறுப்புல இருந்தவர், வித்தவரும் அவரே வாங்குனவரும் அவரே. இதோட நிக்கல, பாலிசிதாரர் பணத்துல 48,000 டாலருக்கு மேல ரிபப்ளிகன் கட்சிக்கே போன கதையும் வெளிய வந்துச்சு. சொந்தக் கட்சி மாட்டும்னு தெரிஞ்சும் கேள்விய நிறுத்தாத ஆளுக்குத்தான் என் ஓட்டு.

ஆனா அவருக்காக அவங்க கட்சி பண்ண ஒரு வேல எனக்குப் பிடிக்கல. கடைசி வாரத்துல பிரசிடென்ட் ரூஸ்வெல்ட் அனுப்பி நியூயார்க் மாநிலத்து யூட்டிகா ஊருக்கு வந்த வெளியுறவு மந்திரி எலிஹூ ரூட், 1901ல பிரசிடென்டா இருந்த மெக்கின்லிய சுட்டுக் கொன்னதுக்கு ஹெர்ஸ்ட் பேப்பர்தான் தூண்டுதல்ங்கற மாதிரி பேசிட்டுப் போனார், விசாரணை ரிக்கார்ட் அவ்ளோ பலமா இருக்கும்போது அது தேவையே இல்ல.

சுமார் 58,000 ஓட்டுல ஹியூஸ் ஜெயிச்சார். ஆனா மாநிலம் முழுக்க ஓட்டு போட்ட மத்த பதவி எல்லாத்துலயும் டெமாக்ரட்ஸ்தான், லெஃப்டினன்ட் கவர்னர் உட்பட. ஓட்டுச் சீட்டுல ஹெர்ஸ்ட் பேர மட்டும் தள்ளி வச்சுட்டு மத்த பேருக்கு எல்லாம் குத்தியிருக்காங்க ஜனங்க. ஹெர்ஸ்ட் அத்தன வருஷம் கத்துன கேஸ் விவகாரமும் 1907ல ஹியூஸ் கொண்டு வந்த, கேஸ், ரயில் மாதிரி கம்பெனிங்கள கண்காணிக்கிற பொதுச் சேவைக் கமிஷன் கையிலதான் போய்ச் சேர்ந்துச்சு.