கனவும் நெருப்பும்: டேக்கார்ட், ஹியூம்

கண்முன் இருக்கும் மேசை உண்மையிலேயே வெளியே இருக்கிறதா? கனவில் காண்பதும் நிஜம்போலத்தானே தெரிகிறது என்று 1641-இல் கேட்டார் பிரெஞ்சுத் தத்துவஞானி ரெனே டேக்கார்ட். எல்லாவற்றையும் ஐயப்பட்டபோது, ஐயப்படும் ‘நான்’ மட்டும் எஞ்சியது. வெளியுலகை மீட்க, ஏமாற்றாத கடவுளைத் துணைக்கு அழைத்தார். அந்த இடத்தில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் அப்படி நிரூபிக்க முயலவில்லை. மெழுகுவத்திச் சுடரைத் தொட்ட குழந்தைக்குக் கை சுடுகிறது. அடுத்த முறை சுடரைக் கண்டதும் கையை இழுத்துக்கொள்கிறது. யார் அதற்குத் தர்க்கம் கற்பித்தார்கள்? பழக்கம்தான் நம்பிக்கையைத் தருகிறது என்றார் அவர். நாளை சூரியன் உதிக்கும் என்று நாம் நம்புவதும் அப்படித்தான். டேக்கார்ட் தேடிய உறுதி ஹியூமிடம் கிடைக்காது. ஆனாலும் நாம் உண்மையில் எப்படி நம்புகிறோம் என்பதைக் காட்டியவர் அவரே. நான் ஹியூமின் பக்கம்.