பொலோனியாவா, பட்டாராவா?

மணல்மேடு, ரோமானியர் காலத்து ஊர், குளிக்கக் கடல் மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும் என்று தேடிப் போய் நான் பார்த்தவை இரண்டு: ஸ்பெயினின் தென்கோடியில் தரிஃபா பக்கத்து பொலோனியா, துருக்கியின் தென்மேற்கில் பட்டாரா. அம்மாவைக் கூட்டிக்கொண்டு மறுபடி கிளம்பியபோது பொலோனியாவுக்குத்தான் போனேன்.

கடலும் மணலும் இரண்டிலும் அருமை. கரையின் நீளத்தில் பட்டாரா முந்தும். பொலோனியாவின் மணல்மேடு 30 மீட்டருக்கும் மேல் உயரம். உச்சியில் நின்றால் ஜிப்ரால்டர் நீரிணைக்கு அப்பால் மொராக்கோ மலைகள் தெரியும்.

என் முடிவுக்குக் காரணம் நடை. பட்டாராவின் துறைமுகம் மணலில் தூர்ந்துபோனது; பழைய ஊர் இன்று கடலைவிட்டு உள்ளே தள்ளிக் கிடக்கிறது. நுழைவு வளைவு, அரங்கு, லிசியக் கூட்டமைப்பின் (அந்தப் பகுதிப் பழைய நகரங்களின் கூட்டணி) பேரவை மண்டபம் என்று வெயிலில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்களுக்கு அது பெரும்பாடு.

பொலோனியாவின் ரோமானிய ஊரான பெய்லோ கிளாடியா அப்படியில்லை. யூப்பிட்டர், ஜூனோ, மினர்வா கோயில்கள், மன்றம், சந்தை எல்லாம் அருகருகே. சரிவில் இறங்கினால் மீனை உப்பிலிட்ட தொட்டிகள், அப்புறம் மணல், கடல். சூரை மீனைக் கரையேற்றி, வெட்டி, உப்பிட்டு, கரூம் என்ற மீன்சாறு ஊறவைத்து, ஜாடிகளில் கப்பலேற்றிய தொழில் முழுவதும் நாலு எட்டில் விளங்கிவிடுகிறது. நம் அரிக்கமேட்டில் கிடைத்த ஜாடித் துண்டுகளில் ஸ்பெயினின் மீன்சாறு ஜாடிகளும் உண்டு என்று சொன்னேன். அம்மா தொட்டியை எட்டிப் பார்த்து, "அட, நம்ம ஊர் கருவாட்டுக்காரங்க வேலைதான்" என்றார். அந்த ஒரு இடத்திலேயே அரைமணி நேரம் நின்றோம்.

குறை, காற்று. லெவாந்தே என்ற கீழைக்காற்று எழுந்தால் மணல் ஊசிபோலக் குத்தும், கரையில் உட்காரவே முடியாது. எங்களுக்கு இரண்டாம் நாள் அப்படிப் போனது. அதனால் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், இடிபாடுகளுக்கு விடுமுறை.

பட்டாராவில் நான் இருந்தது மே மாதத்தில் ஒரே ஒரு பகல். அதை வைத்துக் கோடைக் கூட்டத்தைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. நடக்கத் தெம்பு உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். பெருந்தலை ஆமைகள் முட்டையிடும் கரை அது. கோடையில் இரவானால் மூடிவிடுவார்கள், பொழுது சாய்வதற்குள் குளித்துவிடுங்கள்.