கடற்கரை வீட்டுக்கு ஒரு 5.1: கேட்டதும் பேரம் பேசியதும்

கீழக்கரையில் கடலுக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கும் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஹோம் தியேட்டர் வாங்க, இராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் ஒரு கடையிலும் மதுரை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையிலும் இரண்டு வகை செட்டுகளைக் கேட்டுப் பார்த்தேன். ஒன்று, எல்லாம் ஒரே பெட்டியில் வரும் 400 வாட் சவுண்ட்பார் செட். மற்றது, ஒலியைப் பிரித்துப் பெருக்கித் தரும் ஏவி ரிசீவரும் ஐந்து ஸ்பீக்கரும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் (5.1 என்பது இந்த ஐந்தும் ஒன்றும்தான்) தனித்தனியே வாங்கிச் சேர்ப்பது.

வாட் கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திறன் இருமடங்கானாலும் ஒலி 3 டெசிபல்தான் கூடும் என்பதால், சென்சிடிவிட்டி (குறிப்பிட்ட திறனுக்கு எவ்வளவு ஒலி தரும் என்ற அளவு) 90 டெசிபல் உள்ள ஸ்பீக்கர், 87 டெசிபல் ஸ்பீக்கர் தரும் ஒலியைப் பாதித் திறனிலேயே தந்துவிடும். நொடிநேர உச்சத் திறனை பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்ட பெட்டிகளை ஓடவிட்டுக் கேட்கவும் இல்லை.

இரண்டு கடையிலும் முதலில் சண்டைக் காட்சியைத்தான் போட்டுக் காட்டினார்கள். நான் பென்டிரைவில் கொண்டுபோயிருந்த, இருவர் தணிந்த குரலில் பேசும் காட்சியைப் போடச் சொன்னபோதுதான் வேறுபாடு தெரிந்தது. சவுண்ட்பாரில் பின்னணி இசை எழும்போதெல்லாம் பேச்சு அமுங்கியது. தனி செட்டில் பேச்சுக்கென்றே நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலோ சொல்லின் கடைசி மெய்யெழுத்து வரை காதில் விழுந்தது. விலை கூடுதல் என்றாலும் தனி செட்டையே தேர்ந்தெடுத்தேன்.

எங்கள் ஊரில் ஸ்பீக்கரைவிட ஒயர்தான் முதலில் கெடும். உப்புக்காற்றில் பழைய செட்டின் கம்பி முனைகளில் பச்சைக் களிம்பு ஏறி, ஒரு பக்கம் ஒலியே நின்றுபோயிருந்தது. ஆகையால் இராமநாதபுரம் கடைக்காரர் இலவசமாகத் தருவதாகச் சொன்ன ஒயரில் ஓர் இழையை பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். செம்புப் பூச்சு உரிந்து உள்ளே அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. செம்பைவிட அலுமினியத்துக்கு மின்தடை அதிகம் என்பதோடு, பூச்சு உரிந்த இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அது விரைவாக அரிக்கப்பட்டுவிடும். அவரிடம் அதைக் காட்டியதும் மறுபேச்சின்றி முழுச் செம்பு ஒயர்ச் சுருளை எடுத்து வைத்தார்.

பேரத்தை அங்கிருந்தே தொடங்கினேன். எம்.ஆர்.பி.யில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்ற பேச்சை ஒதுக்கிவிட்டு, மதுரைக் கடையில் எழுதி வாங்கிய எஸ்டிமேட்டை அவர் முன் வைத்தேன். அவர் விலை 2,500 ரூபாய் கூடுதலாக இருந்தது. “அண்ணே, அந்த விலைக்கு என்னால முடியாது. ஆனா ரிப்பேர்னா நீங்க செட்டைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு பஸ் ஏறணுமே” என்றார். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தை நினைத்தால் அவர் சொன்னது நியாயம்தான். வித்தியாசத்தில் பாதியைக் குறைப்பது, 20 மீட்டர் செம்பு ஒயர், ஒயர் முனையில் மாட்டும் தங்கப்பூச்சு பனானா பிளக், வீட்டுக்கே வந்து பொருத்தித் தருவது, சீரியல் எண்ணுடன் ஜிஎஸ்டி பில் என்று பேசி முடித்தோம். பில் இல்லாமல் இன்னும் குறைத்துத் தருவதாகவும் சொன்னார். வாரண்டிக்குப் பில்தான் ஆதாரம் என்பதால் மறுத்துவிட்டேன். வளைகுடாவிலிருந்து ஆள் மூலம் வரவழைக்கலாமே என்று உறவினர் சொன்னதையும், பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும் என்பதால் ஏற்கவில்லை.

பொருத்திய அன்று, மூலையில் வைத்த சப்வூஃபர் டைல்ஸ் தரை அறையில் குமுறியது. சுவரிலிருந்து இரண்டடி நகர்த்தி, ரிசீவரில் தாழ்ந்த ஒலியை சப்வூஃபருக்குப் பிரித்தனுப்பும் எல்லையான கிராஸோவரை 80 ஹெர்ட்ஸில் வைத்ததும் சீரானது. பின் ஸ்பீக்கர் ஒன்றுக்கு மட்டும் ஒயர் இரண்டு மீட்டர் போதவில்லை. கடைக்குப் போன் செய்தேன்; மறுநாள் காலையிலேயே ஆள் வந்து, ஒட்டுப் போடாமல் முழு நீளத்துக்கும் புது ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.