சேலத்து வெயிலில் பாலிமர் க்ளே: பழகிய பிறகு தெரிந்தவை

தோடு போன்ற நகைகள் செய்யும் பாலிமர் க்ளே பெயரளவில்தான் மண். உள்ளே இருப்பது பி.வி.சி. தூளும் அதை இளக்கமாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் எண்ணெயும்தான். அதனால் வெயிலில் காய வைத்து எடுக்க முடியாது. ஓவனில் சுட்டால்தான் இறுகும். சூடு ஒன்றைப் பிடித்துவிட்டால் இதில் பாதி வேலை கைக்குள் வந்துவிடும்.

சேலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் அறைச் சூட்டிலேயே க்ளே பிசுபிசுத்து விரலோடு வரும். வெள்ளைத் தாள் இரண்டுக்கு நடுவே தட்டையாக வைத்து மேலே கனமான புத்தகம் வைத்தால், மிச்ச எண்ணெயைத் தாள் உறிஞ்சிவிடும். மணிக்கொரு தடவை தொட்டுப் பாருங்கள். அளவு மீறினால் க்ளே பொடிந்துவிடும். பல நிறக் க்ளேயை உள்ளே பூ வடிவம் வருமாறு அடுக்கி உருட்டிய உருளையை வில்லை வில்லையாக அரிவதற்கு முன் கவரில் சுற்றி 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கத்தி அழுத்தத்திலேயே இதழ்கள் நசுங்கும். வெளியே எடுத்ததும் கவரைப் பிரிக்காதீர்கள். வியர்க்கும் நீர் உள்ளே போனால் சுடும்போது கொப்புளம் வரும்.

ஏற்காட்டில் கதையே வேறு. மார்கழிக் காலையில் க்ளே கட்டி உதிரும். கைச்சூட்டில் வைத்திருந்து, ஓரிரு துளி பேபி ஆயில் விட்டுப் பிசைந்தால் வழிக்கு வரும்.

அடுத்து ஓவன். ஃபிமோ பிராண்டு க்ளேவுக்கு 110 டிகிரி செல்சியஸ், பிரீமோ பிராண்டுக்கு 130. இரண்டுக்கும் அரை மணி. ஓ.டி.ஜி. எனும் சிறிய மின் ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பவே கூடாது. உள்ளே தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வையுங்கள். க்ளேயை விட அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வோம். 15 நிமிடம் சூடேற்றி, முள் நிலைத்த பிறகு பொருளை டைல்ஸ் மேல் தாள் விரித்து வைத்து, அலுமினியத் தாளால் கூடாரம்போல் மூட வேண்டும். அடியில் தாள் இல்லாவிட்டால் அடிப்பக்கம் பளபளவென்று திட்டுத் திட்டாகும். சுமார் 175 டிகிரியைத் தாண்டினால் கருகி, மூக்கை எரிக்கும் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். உடனே அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மைக்ரோவேவ் அலையில் சுடவே கூடாது, சூடான காற்றில் சுடும் கன்வெக்‌ஷன் முறை மட்டும்தான்.

சூடு குறைந்தால் வரும் கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. 3 மி.மீ. தோடு பார்க்க நன்றாக இருக்கும், வளைத்தால் பட்டென்று முறியும். நன்றாக வெந்தது சற்று வளைந்து கொடுக்கும். வேகாததை மறுபடி சுடலாம்.

வெள்ளை நிறத்தை முதலில் பிசைந்து முடித்துவிடுங்கள். சிவப்பைத் தொட்ட கையில் வெள்ளை தேறாது. கைரேகையைச் சுடும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்கலாம். சுட்ட பிறகு 400, 600, 1000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பழைய ஜீன்ஸ் துணியால் துடைத்தாலே மினுங்கும். நெயில் பாலிஷ் பூசுவது வேண்டாம், நாளாக ஆக ஒட்டும். கொக்கி, வளையத்துக்கு நாம் அலைய வேண்டியதில்லை, கொலுசுக்குப் பேர்போன சேலத்துக்காரர்களுக்கு வெள்ளிப் பட்டறைகள் உள்ள செவ்வாய்ப்பேட்டை இருக்கிறதே.

மிச்ச க்ளேயை அடியில் 5 என்று போட்ட பாலிபுரொப்பிலீன் டப்பாவில் வையுங்கள். கண்ணாடிபோல் தெரியும் கெட்டி பாலிஸ்டைரீன் டப்பாவை இந்த எண்ணெய் அரித்து, க்ளேயோடு ஒட்டவைத்துவிடும்.