மின்னசோட்டா: பழைய கொடியா, புதிய கொடியா?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2024 மே 11 அன்று கொடியை மாற்றிக்கொண்டது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பழையது நீலத் துணி, நடுவில் மாநில முத்திரை. கிட்டப் போனால் அதற்குள் ஒரு கதையே ஓடுகிறது. ஏர் உழும் விவசாயி, குதிரையில் போகும் பூர்வகுடி மனிதர், சுற்றிலும் பூக்கள், 19 நட்சத்திரங்கள், 1819, 1858, 1893 என்ற மூன்று ஆண்டுகள், போதாததற்கு மாநிலத்தின் பெயரும். கம்பத்தில் ஏற்றிவிட்டால் இதில் ஒன்றும் தெரியாது. நீலத்தில் முத்திரை பதித்த கொடி வேறு பல மாநிலங்களுக்கும் உண்டு. தூரத்தில் எது எதுவென்று பிரித்தறிய முடியாது. அதைவிட வலிப்பது, விவசாயி உழ, பூர்வகுடி மனிதர் குதிரையில் போகும் அந்தப் படம்தான். அங்கே வாழ்ந்த டகோட்டா என்ற பூர்வகுடி மக்களை, 1862-இல் அமெரிக்க அரசோடு நடந்த போருக்குப் பிறகு அந்த மண்ணிலிருந்தே விரட்டினார்கள். 'மின்னசோட்டா' என்பதோ அவர்கள் மொழிச் சொல்.

புதியதில் இடப்பக்கம் கருநீலம், மாநிலத்தின் வரைபடத்தை நினைவூட்டும் வடிவில். அதன்மேல் எட்டு முனை வெள்ளை நட்சத்திரம். மீதியெல்லாம் ஏரித் தண்ணீர் போல இளநீலம். எழுத்து ஒன்றுகூட இல்லை. மூன்று நிறம் போதும், ஒரு குழந்தை நினைவிலிருந்தே வரைந்துவிடும்.

தேர்வான மூல வடிவத்தில் வெள்ளை, பச்சைப் பட்டைகளும் இருந்தன. கடைசியில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பச்சை மட்டும் இருந்திருக்கலாம் என்று எனக்கு இன்னும் தோன்றுகிறது. ஆனாலும் என் ஓட்டு புதியதற்கே.